சாய்த்துப் பார்த்தால் தெரிவது

நேராகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ட்யூப் லைட்டுக்குக் கீழே கிட்டாரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். அப்போதுதான் அந்தக் கறுப்புப் பளபளப்பின்மேல் மெல்லிய கோடுகள் தெரியும். தலைமுடி ஏதோ விழுந்து கிடக்கிறது என்று கையால் தட்டிவிடப் பார்ப்போம். போகாது. நகத்தை வைத்து இழுத்தால் லேசாக ஒரு தடுக்கல் இருக்கும். அவ்வளவுதான்.

இந்தக் கோடுகளை நான் முதலில் பார்த்தது திருச்செந்தூரில், மாஸ்டர் வீட்டுத் திண்ணையில். கோயில் கொடை, கல்யாண வீடு, குலசை தசரா என்று மெல்லிசைக் குழுக்களில் முப்பது வருஷம் வாசித்தவர். விரல் மூட்டு வீங்கி, இனி முடியாது என்றானதும் தன் எலெக்ட்ரிக் கிட்டாரை விற்க முடிவு செய்திருந்தார். எனக்கு அப்போது பத்தொன்பது வயசு. எட்டாயிரம் ரூபாயை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போயிருந்தேன். கிட்டாரைக் கையில் வாங்கி ஒரு ஈ மைனர் தட்டியதுமே பணத்தை எடுத்துவிட்டேன்.

"ஏல, காச உள்ள வை. மொதல்ல இத பாத்துக்க" என்றார். கிட்டாரைத் திருப்பி, விளக்குக்குச் சாய்த்து, ஒவ்வொரு கோடாக விரல் வைத்துக் காட்டினார். உடம்பில் குறுக்கே பத்துப் பதினைந்து கோடுகள். கழுத்து உடம்போடு சேரும் மூலையில் தனியாக ஒன்று. அதுதான் பார்க்கப் பயமாக இருந்தது.

"இது லாக்கரோட தோலு. மரத்துக்கு ஒண்ணும் ஆகல. நான் சொல்லுதேன்னு நீ நம்ப வேண்டாம், நீயே பாரு." கம்பிகளைத் தளர்த்தினார். பின்பக்கம் இருந்த நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, கழுத்தைத் தனியாக எடுத்து வைத்தார். கழுத்து உட்காரும் பள்ளத்தில் பெயின்ட் இல்லாத வெறும் மரம். மேலே தெரிந்த கோடு அந்த மரத்துக்குள் இறங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். இறங்கவில்லை. மரம் சுத்தமாக இருந்தது. "இப்ப ஏழாயிரம் குடு" என்றார். நான் பேரமே பேசவில்லை. அவராகவே ஆயிரத்தைக் குறைத்தார்.

கோடுகள் எப்படி வந்தன என்பதையும் சொன்னார். பழைய பெயின்ட் மங்கிப்போனதால், நாற்காலி கட்டிலுக்குப் பாலிஷ் போடும் ஒரு தச்சரிடம் கொடுத்து என்.சி. லாக்கர் அடித்திருக்கிறார். என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ். நம் ஊர் ஃபர்னிச்சர் பட்டறைகளில் நெடுநாளாகப் புழங்குவது. 1950களில் அமெரிக்காவில் செய்த பெயர்பெற்ற கிட்டார்களின் மேலும் பெரும்பாலும் இதே வகைப் பூச்சுதான். அடித்த புதிதில் கொஞ்சம் இளக்கமாக இருக்கும். வருஷம் போகப் போக அந்த இளக்கம் போய் வறண்டுவிடும். அடியில் இருக்கும் மரமோ வெயிலுக்கும் குளிருக்கும் ஈரத்துக்கும் விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது. தோலால் கூடவே விரிய முடியாது. மாஸ்டர் ஒருமுறை கொடைக்கானல் கச்சேரிக்குப் போய், ராத்திரி முழுக்க வேனில் கிட்டாரை விட்டுவிட்டு, காலையில் வெயிலில் பெட்டியைத் திறந்திருக்கிறார். "டிக்குன்னு ஒரு சத்தம் வந்துச்சி பாரு. என் எலும்பு முறிஞ்ச மாதிரி இருந்துச்சி."

சத்தத்துக்கு ஏதாவது ஆகுமா என்றால், ஆகாது. எலெக்ட்ரிக் கிட்டாரில் இரும்புக் கம்பி அதிர்வதைக் காந்தமும் செம்புக் கம்பிச் சுற்றும் சேர்ந்து மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகின்றன. மேல்பூச்சில் ஒரு கோடு இருந்தால் காதுக்கு அது தெரியாது. குறையென்று பார்த்தால், அது கண்ணுக்கு மட்டுமான குறை.

இந்தக் கட்டுரை அந்த 'மட்டும்' என்ற சொல்லைப் பற்றியது.

*

ஆறு வருஷம் கழித்து நான் அதை விற்கும்படி ஆனது. தங்கச்சி நர்சிங் கடைசி வருஷம். கட்டணத்தில் ஒரு தவணை குறைந்தது. வீட்டில் விற்பதற்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

விற்பதற்கு முந்தின நாள், பைக்குக்குப் போடும் வெள்ளைப் பாலிஷை எடுத்து கிட்டார் முழுவதும் தேய்த்தேன். மணிக்கணக்காகத் தேய்த்தேன். கோடுகளுக்குள் பாலிஷ் இறங்கி உட்கார்ந்துகொண்டது. பிறகு விளக்குக்குச் சாய்த்துப் பார்த்தேன். தெரிந்தவனுக்குத்தான் தெரியும். ஏன் அப்படிச் செய்தாய் என்று யாராவது கேட்டிருந்தால், விற்கிற சாமானைத் துடைத்து வைப்பது தப்பா என்று கேட்டிருப்பேன்.

உடன்குடியிலிருந்து ஒரு பையன் வந்தான். பதினைந்து வயசு இருக்கும். கூடவே அவன் அப்பா, கருப்பட்டி வியாபாரம். பையன் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாக ஏதோ வாசித்தான். அவன் முகத்தைப் பார்த்தபோது எனக்கு மாஸ்டர் வீட்டுத் திண்ணை ஞாபகம் வந்தது. அதை உடனே தள்ளிவிட்டேன்.

அப்பா கிட்டாரைத் தொடவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். "தம்பி, எனக்கு இதப் பத்தி ஒண்ணும் தெரியாது. கருப்பட்டின்னா உடைச்சிப் பாத்துச் சொல்லிருவேன். இத எப்படி உடைக்க? ஏதும் குறை இருந்தா நீங்களே சொல்லிருங்க."

"சவுண்டுல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி" என்றேன்.

ஒன்பதாயிரம் கொடுத்தார். எண்ணிப் பார்க்கச் சொன்னார்.

நான் சொன்ன வாக்கியத்தில் பொய் இல்லை. எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும் இல்லை. ஆனால் அவர் கேட்டது சவுண்டைப் பற்றி மட்டுமல்ல. அவர் வீட்டுக்கு வாசல் வைப்பது போலப் பொதுவாக ஒரு கேள்வி கேட்டார். நான் அதற்குள் ஒரு சின்ன ஜன்னலை மட்டும் திறந்து காட்டிவிட்டு அடைத்துவிட்டேன்.

*

அன்றிரவு எனக்கு நானே வக்கீலாக இருந்தேன். வக்கீலுக்கு வாதம் கிடைப்பது கஷ்டமில்லை.

முதல் வாதம்: இது குறையே இல்லை. அயர்லாந்தின் ரோரி கல்லகரிடம் 1961இல் செய்த ஒரு ஸ்ட்ராடோகாஸ்டர் இருந்தது. வியர்வையும் வருஷங்களும் சேர்ந்து அதன் பூச்சை உரித்து வெறும் மரமாக்கிவிட்டன. அந்தக் கோலத்துக்காகவே உலகம் அதைக் கொண்டாடியது. 1990களின் நடுவிலிருந்து, புதுக் கிட்டாரையே பழசுபோல உரசி, உரித்து, கோடு விழவைத்துக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். லாக்கரைச் சட்டென்று குளிரவைத்து வெடிக்கச் செய்வதற்கென்றே வழிகள் வைத்திருக்கிறார்கள். மாஸ்டருக்கு கொடைக்கானலில் விபத்தாக நடந்ததை அங்கே காசுக்குச் செய்து தருகிறார்கள். திருச்செந்தூரில் ஆயிரம் ரூபாயைக் குறைத்த கோடு இன்னொரு ஊரில் விலையை ஏற்றுகிறது என்றால், அதைக் குறை என்று நான் ஏன் சொல்ல வேண்டும்?

இந்த வாதம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதே வாதம் என் கன்னத்திலும் அறைந்தது. கோடு அழகு என்று நிஜமாக நம்புகிறவன் அதை ஏன் பாலிஷ் போட்டு மறைக்க வேண்டும்? அழகை யாரும் ஒளித்து விற்பதில்லை.

இரண்டாவது வாதம் சட்டம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17ஆவது பிரிவு மோசடி என்றால் என்ன என்று சொல்கிறது. கூடவே ஒரு விளக்கம்: வாங்குபவரின் மனசை மாற்றக்கூடிய விஷயத்தைச் சொல்லாமல் சும்மா இருப்பது மட்டுமே மோசடியாகாது. அதற்கு உதாரணம் ஒரு குதிரை. ஏலத்தில் ஒருவன் குதிரை விற்கிறான். குதிரைக்குக் கோளாறு இருப்பது அவனுக்குத் தெரியும். வாயே திறக்கவில்லை. மோசடி இல்லை என்கிறது சட்டம்.

அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். சட்டம் அதே குதிரையை வைத்து இன்னும் இரண்டு உதாரணம் சொல்கிறது. வாங்குவது விற்பவனின் சொந்த மகள், இப்போதுதான் வயதுக்கு வந்தவள் என்றால், அந்த உறவே சொல்லும் கடமையை உண்டாக்கிவிடுகிறது. அடுத்தது: நீ மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன் என வாங்குபவர் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு விற்பவனின் மௌனம் பேச்சுக்குச் சமம்.

உடன்குடி அண்ணாச்சி ஒரே மூச்சில் இரண்டையும் செய்திருந்தார். குறை இருந்தால் நீங்களே சொல்லிருங்க என்றார், அது மூன்றாவது உதாரணம். தம்பி என்று கூப்பிட்டார், அது இரண்டாவது.

இரண்டாவதைக் கேட்டால் சட்டம் படித்தவர்கள் சிரிக்கலாம். தம்பி என்பது சும்மா ஒரு விளிதானே. பஸ் கண்டக்டர் கூப்பிடுகிறார், பூக்காரம்மா கூப்பிடுகிறார். ஏமாற்றும் தரகன்தான் எல்லாரையும்விட அதிகமாக அண்ணாச்சி போடுவான். இருக்கலாம். ஆனால் ஒன்றும் தெரியாத இடத்தில் நிற்கும் ஒருவர் அந்தச் சொல்லைப் போடும்போது, முன்பின் தெரியாதவனைக் கொஞ்ச நேரத்துக்கு உறவுக்காரனாக்கிக்கொள்கிறார். அவர் கையில் வேறு ஆயுதம் இல்லை. நான் பதிலுக்கு அண்ணாச்சி என்று சொன்னபோது அந்த உறவுக்கு ஒப்புக்கொண்டேன். வேண்டாமென்றால் சார் என்று சொல்லியிருக்கலாம்.

*

இந்தக் கேள்வி ரொம்பப் பழசு. சிசரோ கி.மு. 44இல் கடமைகளைப் பற்றி எழுதிய நூலின் மூன்றாம் பகுதியில் இதைப் பேசுகிறார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். ஒரு வியாபாரி அலெக்சாந்திரியாவிலிருந்து தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? இரண்டு ஸ்டோயிக் தத்துவவாதிகள் இதில் எதிரெதிராக நிற்கிறார்கள். பாபிலோனின் டயோஜெனஸ், சட்டம் கேட்கும் குறைகளைச் சொன்னால் போதும், மற்றதைச் சொல்லாமலிருப்பது மறைப்பதாகாது என்கிறார். அவருடைய மாணவரான ஆன்டிபேட்டர், விற்பவனுக்குத் தெரிந்தது எல்லாம் வாங்குபவனுக்கும் தெரிந்தாக வேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம். சொல்லாமலிருப்பது எல்லாமே மறைப்பதல்ல. ஆனால் தெரிந்துகொண்டால் பயன்படும் ஒருவரிடமிருந்து உன் லாபத்துக்காக ஒன்றைத் தள்ளி வைத்தாயானால், அது மறைப்புத்தான் என்பது அவர் முடிவு.

சிசரோவிடம் நான் கேட்க நினைத்தது வேறு. கப்பல் வருகிறது என்பது உண்மையிலேயே பெரிய விஷயம். அந்த மக்களின் பசி சம்பந்தப்பட்டது. என் விஷயம் தலைமுடி அகலக் கோடு. எதையும் பாதிக்காத ஒன்றைச் சொல்லும் கடமை எனக்கு உண்டா?

இதற்குப் பதில் எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் கிடைத்தது. மாடு வாங்கப் போகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். பிறகு சுழி பார்ப்பார்கள். சுழி என்பது தோலில் மயிர் சுழித்திருக்கும் இடம். எந்தச் சுழி எங்கே இருந்தால் நல்லது, எங்கே இருந்தால் ஆகாது என்று பெரிய கணக்கு உண்டு. சுழிக்கும் உழவுக்கும் சம்பந்தமில்லை. பாலுக்கும் சம்பந்தமில்லை. பகுத்தறிவோடு பார்த்தால் அது வெறும் மயிர். ஆனால் கெட்ட சுழி என்று ஊர் நினைப்பதை மறைத்து விற்றவனிடம், "சுழியில என்ன இருக்கு, எல்லாம் மூடநம்பிக்கை" என்று சொல்ல இடமிருக்கிறதா? அந்த மூடநம்பிக்கையை நம்பாமலிருக்க அவனுக்கு உரிமை உண்டு. வாங்குபவர் சார்பில் நம்பாமலிருக்க உரிமை கிடையாது. மாட்டை நாளைக்குத் திரும்ப விற்கப்போவதும், அப்போது விலை குறைத்துக் கேட்கப்படப்போவதும் அவர்தான்.

நான் செய்த தப்பு எனக்கு இங்கேதான் பிடிபட்டது. கோட்டை மறைத்தது அதில் பாதிதான். எது முக்கியம், எது முக்கியமில்லை என்று அவருக்காக நானே முடிவெடுத்தது மீதி. கண்ணுக்கு மட்டுமான குறை என்றேன். அவருடைய கண்ணை நான் ஏன் கணக்கில் சேர்க்கவில்லை?

*

மூன்று வாரம் கழித்துப் பையன் போன் செய்தான். குரல் ரொம்பச் சன்னமாக இருந்தது. வீட்டுக்கு வெளியே எங்கோ நின்று பேசுகிறான் என்று தெரிந்தது.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். கிட்டார்ல வெள்ளை வெள்ளையா கோடு வருது. கழுத்துக்கிட்டயும் ஒண்ணு. நான் எங்கயும் போடல அண்ணே. சத்தியமா போடல. ஒருதடவ கட்டில்ல லேசா தட்டிருச்சி, அதனாலயா இருக்கும்?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோடுகளுக்குள் உட்கார்ந்திருந்த பாலிஷ் காய்ந்து வெள்ளையாகியிருக்கிறது. மறைக்கப் போட்டதே கோலப்பொடி மாதிரி ஒவ்வொன்றையும் வரைந்து காட்டிவிட்டது. கறுப்பு உடம்பு வேறு.

"அப்பாட்ட சொன்னியா?"

"இல்லண்ணே. பெட்டிக்குள்ள வச்சிப் பூட்டிட்டேன். ரெண்டு வாரமா எடுக்கல. வாசிச்சா இன்னும் உடைஞ்சிருமோன்னு பயமாருக்கு."

நான் மறைத்தால் நஷ்டம் யாருக்கு என்று பல தடவை யோசித்திருந்தேன். விலையில் ஆயிரம் இரண்டாயிரம் வித்தியாசம், அவ்வளவுதான் என்று முடிவு செய்திருந்தேன். நான் சொல்லாமல் விட்டது ஒரு பையனின் குற்றமாக மாறும் என்று நினைக்கவேயில்லை. கொடைக்கானலில் என்றோ விழுந்த கோட்டை அவன் தன் கட்டிலில் வைத்துத் தேடிக்கொண்டிருந்தான். அதைவிட மோசம், அவனும் மறைக்க ஆரம்பித்திருந்தான்.

மறுநாள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உடன்குடி போனேன். அப்பா வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் கோடுகளிலிருந்த வெள்ளையை எடுத்தேன். கம்பியைத் தளர்த்தி, நாலு ஸ்க்ரூவைக் கழற்றி, மாஸ்டர் எனக்குக் காட்டியதுபோல இருவருக்கும் காட்டினேன். இது தோல், இது மரம், இந்தக் கோடு இதுக்குள்ள இறங்கல, பாருங்க. வாங்கும்போதே இது எனக்குத் தெரியும் என்றும் சொன்னேன்.

அண்ணாச்சி டார்ச்சை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "அன்னைக்கே சொல்லியிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்" என்றார்.

*

அந்த வாக்கியம்தான் எனக்கு இன்னும் செரிக்காமல் கிடக்கிறது. சொன்னாலும் வாங்கியிருப்பேன் என்று அவர் சொல்லியிருந்தால் கதை ஒழுங்காக முடிந்திருக்கும். உண்மை பேசியிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நானும் ஒரு நீதி எழுதியிருக்கலாம். அப்படியில்லை. நான் உண்மை சொல்லியிருந்தால் விரிசல் என்ற சொல் அவர் காதில் விழுந்திருக்கும், அவர் எழுந்து போயிருப்பார், பையன் கையில் இன்று கிட்டார் இருந்திருக்காது. பயம் தெளிந்ததும் அவன் வாசிக்க ஆரம்பித்துவிட்டான்.

குற்றமில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் மெய்யின் பக்கத்தில் உட்கார வைக்கலாம் என்று வள்ளுவரே இடம் கொடுக்கிறார். நான் அங்கே போய் உட்காரப் பார்த்தேன். முடியவில்லை. பையனுக்காக நான் மறைக்கவில்லை. இரண்டாயிரம் ரூபாய்க்காக மறைத்தேன். நன்மை தற்செயலாக வந்து சேர்ந்தது.

ஒருவேளை நான் அவரிடம் கோடு இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருந்தால், அதுவும் முழு உண்மையாகியிருக்காது. விவரம் தெரியாதவரிடம் விரிசல் என்று சொன்னால் உடைந்த சாமான் என்றே கேட்கும். உண்மை ஒரு வாக்கியத்தில் அடங்குவதில்லை. மாஸ்டர் அன்று ஸ்க்ரூவைக் கழற்றியது அதனால்தான். சொல்லவும் செய்தார், சொன்னதை நானே சரிபார்க்கும் அளவுக்கு எனக்குக் கற்றும் கொடுத்தார். அதற்கு அவருக்கு அரைமணி நேரமும் ஆயிரம் ரூபாயும் ஆயின. நேர்மை என்பது நல்ல மனசு மட்டுமே வேண்டிய விஷயம் என்று நினைத்திருந்தேன். அதற்கு நேரம் வேண்டும், பொறுமை வேண்டும், கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் வேண்டும்.

மேல்தோல்தான், உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்லும்போதெல்லாம் இப்போது எங்கள் ஊர்க் கோயிலையும் நினைத்துக்கொள்கிறேன். இன்று கடலோரத்தில் நிற்கும் கருங்கல் கட்டுமானத்துக்கு முன்பு அங்கே இருந்தது மணற்கல். உப்புக்காற்று பட்ட மணற்கல்லில் முதலில் மேல்பரப்புதான் பொரியும். கல்லின் நுண்துளைகளுக்குள் போன உப்பு காய்ந்து படிகமாகி, உள்ளிருந்து நெட்டித் தள்ளும். ஒரு படலம் உதிர்ந்தால் அடுத்த படலம் வெளியே வரும், அதுவும் பொரியும். அப்படியே அரித்துப்போன கோயிலை மௌன சுவாமி, காசி சுவாமி, ஆறுமுக சுவாமி என்று ஒருவர்பின் ஒருவராக வந்த துறவிகள் கருங்கல்லில் திரும்பக் கட்ட உழைத்தார்கள். குடமுழுக்கு 1941இல்தான் நடந்தது. மேல்தோல் சில நேரம் வெறும் மேல்தோல், சில நேரம் உள்ளே நடப்பதன் முதல் செய்தி. எது எதுவென்று வெளியே நின்று சொல்ல முடியாது. கழற்றிப் பார்க்க வேண்டும். விற்பவனே பார்த்திருந்தாலும், வாங்குபவரையும் பார்க்கவிட வேண்டும்.

கிளம்பும்போது இரண்டாயிரம் ரூபாயை அண்ணாச்சியிடம் கொடுத்தேன். வேண்டாம் என்று சொல்வார் என உள்ளூர எதிர்பார்த்தேனோ என்னவோ. அவர் எண்ணிப் பார்த்து வாங்கிச் சட்டைப் பையில் வைத்தார். உள்ளே பையன் ஆம்ப்ளிஃபயர் இல்லாமலே எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"சரி, போயிட்டு வாங்க" என்றார். தம்பி என்று சொல்லவில்லை.